பொறுமையும் ஒரு முதல்தான்: ஒரு சிவப்பு ஒயின் சொல்லும் வியாபாரப் பாடம்

தமிழகத்தில் மளிகைக் கடையில் மது விற்க வழியில்லை. 2003 முதல் அந்தச் சில்லறை வியாபாரம் டாஸ்மாக் வசம் இருக்கிறது. பிறகு வணிகர் ஏட்டில் ஒயினுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். நாம் சொல்ல வருவது குடிப்பதைப் பற்றி அல்ல. ஒரு குடும்பம் தன் சரக்குக்குப் பெயர் தேடிக்கொண்ட விதத்தைப் பற்றி.

பிரெஞ்சு நிறுவனங்களோடு வியாபாரத் தொடர்பு வைத்திருந்தவர் பம்பாய்த் தொழிலதிபர் கன்வல் குரோவர். அங்கே கிடைக்கும் தரத்தில் நம் நாட்டிலும் ஒயின் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஷாம்பேன் பகுதி வல்லுநர் ஜார்ஜ் வெசெலின் துணையோடு, பல பிரெஞ்சுத் திராட்சை வகைகளை நம் மண்ணில் நட்டுச் சோதித்தார். பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலை அடிவாரத்தில் 1988-இல் தோட்டம் தொடங்கியது. முதல் ஒயின் வந்தது 1992-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் செலவு மட்டுமே, வரவு இல்லை.

ஐரோப்பாவில் பனிக்காலத்தில் திராட்சைக் கொடி உறங்கும். நம் வெயிலில் அதற்கு உறக்கமே கிடையாது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, ஒரே மகசூல் எடுக்கிறார்கள். இரண்டாவது மகசூலின் காசுக்கு ஆசைப்பட்டால் பழத்தில் சாரம் இருக்காது.

இந்தத் தோட்டத்தின் பெயர் பெற்ற சரக்கு 'லா ரிசர்வ்' என்ற சிவப்பு ஒயின். கேபர்நே சோவின்யோன், ஷிராஸ் என்ற இரண்டு கருந்திராட்சைகளின் கலவை. பழச்சாற்றைத் தோலோடு சேர்த்தே புளிக்க வைப்பதால் அடர்ந்த நிறமும் துவர்ப்பும் ஏறுகின்றன. அதன்பின் ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். 2005-இல் லண்டன் 'டிகாண்டர்' பத்திரிகை இதை ஐரோப்பாவுக்கு வெளியே விளையும் சிவப்பு ஒயின்களில் சிறந்ததாகப் பாராட்டியது. மகன் கபில் தொழிலை வளர்த்தார். பேத்தி கரிஷ்மா கலிபோர்னியாவில் ஒயின் தயாரிப்பையே பாடமாகப் படித்து வந்தார். 2012-இல் நாசிக் நிறுவனம் ஒன்றோடு இணைந்து 'குரோவர் ஜம்பா' ஆனது.

நம் கரிசலுக்கும் பெயர் சொல்லும் சரக்கு உண்டு. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கடலையும் வெல்லமும் எந்த ஊரிலும் கிடைக்கும். பக்குவமும் பெயரும் கிடைக்காது. பிரான்சின் ஷாம்பேன் வட்டாரத்தார், வேறு ஊர் ஒயினுக்குத் தங்கள் பெயரை ஒட்டினால் வழக்குக்கே போகிறார்கள். பெயரே அவர்களுடைய முதல்.

அந்தக் காவல் நம் கல்லாவில் தொடங்க வேண்டும். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைகிறது என்று, எங்கோ செய்து 'கோவில்பட்டி' என்று அச்சடித்த பொட்டலத்தை வாங்கி அடுக்கக் கூடாது. உற்பத்தியாளர் முகவரியையும் தயாரித்த தேதியையும் பார்த்துக் கொள்முதல் செய்வோம். சிக்கு வாடை அடிக்கும் சரக்கைத் தயங்காமல் திருப்பி அனுப்புவோம். குறியீட்டுப் பதிவைப் பத்து ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். வாடிக்கையாளர் நம்பிக்கையையோ அன்றாடம் புதுப்பிக்க வேண்டும்.

விலையை யாரும் குறைத்துவிடலாம். பெயரைச் சம்பாதிக்கத்தான் ஒரு தலைமுறை ஆகிறது.