பனித்தரையின் இளங்காவலர்கள்



ஹாக்கி என்றவுடன் புல்தரையும் வளைந்த மட்டையும் தயான் சந்தின் பெயருமே நமக்கு நினைவுக்கு வரும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அதன் குளிர்நாட்டு உறவினமாகிய பனித்தரை ஹாக்கி. கனடாவில், மாண்ட்ரியால் நகரில் வாழும் என் மகளின் வீட்டில் 2024-25ஆம் ஆண்டுக் குளிர்காலத்தைக் கழித்தேன். வெளியே கால் வைக்க இயலாத அந்த மாலைப் பொழுதுகளில், பேரனுக்குப் பக்கத்தில் அமர்ந்து தொலைக்காட்சியில் மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் ஆட்டங்களைப் பார்க்கலானேன். அவன் கோல் அடிப்பவர்களைக் கண்டு களித்தான். என் கண்களோ, பள்ளிக்கூடத்துப் பழக்கத்தால், அணியில் யார் இளையவர், யார் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர் என்று தேடின. அவ்வணியின் இளந்தற்காப்பு வீரர்களிடம் அவை நிலைத்துவிட்டன.

ஆட்டத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். களம் 200 அடி நீளம், 85 அடி அகலம். அணிக்கு அறுவர்: முன்வரிசையினர் மூவர், தற்காப்பு வீரர் இருவர், கோல் காப்பவர் ஒருவர். பந்துக்குப் பதிலாகக் கெட்டியான ரப்பர் வட்டு. அதைப் ‘பக்’ என்பார்கள்.

தற்காப்பு வீரரின் வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். எதிரி முழு வேகத்தில் முன்னோக்கிச் சறுக்கி வருகிறான். இவர் அவனைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்க வேண்டும். இருவருக்கும் இடையிலுள்ள தூரம் மிகுந்தால் அவன் நின்று குறி பார்ப்பான். குறைந்தால் ஓர் அசைவில் கடந்துபோய்விடுவான். பக் தம் பக்கத்து மூலைக்கு உருண்டால், முதுகுக்குப் பின்னே எதிரி விரட்டி வர, இவர் ஓடி அதை எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்பே தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்த்து, யாருக்குத் தள்ளுவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். முன்வரிசை வீரன் தவறினால் அவனுக்குப் பின்னால் இருவர் இருக்கிறார்கள். இவர் தவறினால் கோல் காப்பவர் ஒருவரே மிச்சம். ஆகவே இவருக்கு வேண்டிய அறிவு கைத்திறனைக் காட்டிலும் ஆட்டத்தைப் படிக்கும் திறனையே சார்ந்தது. அது தவறிழைத்துத் தவறிழைத்தே வருவது.

ஆனால் இவர்களை மதிப்பிடுவதோ பதினெட்டு வயதில்! ஆண்டுதோறும் கோடையின் தொடக்கத்தில் தேசிய ஹாக்கி லீகின் அணிகள் இளைஞர்களின் பெயர்களை முறைவைத்துச் சொல்லித் தேர்ந்தெடுக்கின்றன. அந்த வரிசை எண் அவர்களது நெற்றியில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. 1966இல் பதினெட்டு வயதிலேயே லீகில் இறங்கி ஆட்டத்தையே மாற்றிய பாபி ஓர் போன்றவர்கள் விதிவிலக்கு. சுவீடன் நாட்டு நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமை 1989இல் டெட்ராயிட் அணி எடுத்தபோது அவருக்கு முன்னே 52 பெயர்கள் சொல்லப்பட்டிருந்தன. சிறந்த தற்காப்பு வீரருக்குரிய நாரிஸ் கோப்பையை அவர் பின்னாளில் ஏழு முறை பெற்றார்.

இனி மாண்ட்ரியாலின் மூவரைப் பார்ப்போம். லேன் ஹட்சன் குள்ளமானவர். அந்த ஆட்டத்தில் ஆறடிக்கு மேற்பட்டவர்களே மிகுதி. 2022இல், இளைஞர்களை அணிகள் சோதித்துப் பார்க்கும் முகாமுக்கு அவர் ஒரு மருத்துவரின் குறிப்பைக் கொண்டுசென்றாராம். தாம் இன்னும் வளர இடமிருக்கிறது என்பதற்குச் சான்றாக! ஆயினும் 61 பேருக்குப் பின்னரே அவர் பெயர் வந்தது. பேரன் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், பள்ளிக் கால்பந்து அணிக்குப் பின்வரிசைப் பையன்களை நான் சுவரோரம் நிறுத்தி, பென்சிலால் கோடிட்டுத்தான் தேர்ந்தேன். கோட்டுக்குக் கீழே நின்ற ஒருவன், “அடுத்த வருஷம் வளந்துடுவேன் சார்” என்றான். நான் அவனை ஓடச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை.

ஹட்சனை ஓடவிட்டுப் பார்த்தவர்கள் கண்டது என்ன? எதிரி நெருங்கும்போது அவர் விலகி ஓடுவதில்லை. தோளை ஒரு பக்கம் சாய்த்து, எதிரியை அப்பக்கம் இழுத்துவிட்டு, மறுபக்கம் நழுவுகிறார். உடலால் இடித்து நிறுத்த இயலாதவர், மட்டையின் நுனியால் பக்கைத் தட்டிப் பறிக்கிறார். 2024-25 பருவத்தில் 82 ஆட்டங்களிலும் ஆடி, சராசரி 22 நிமிடங்களுக்கு மேல் களத்தில் நின்றார். 6 கோல்கள் அடித்து, 60 கோல்களுக்குத் துணைநின்று, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வென்றார். இந்த எண்களை மட்டும் நம்புவதும் பிழைதான். தம் கோலின் முன்னே பருத்த எதிரியை நகர்த்த அவர் திணறிய இரவுகளையும் நான் கண்டேன். எண்களில் அது தெரியாது.

ஆர்பர் ஜெகாயின் கதை வேறு. நெடிய, முரட்டு உடல். ஆயினும் தேர்வில் எந்த அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. கொரோனாக் காலத்தில் ஆட்டங்கள் நின்றபோது ஒரு பெரிய பண்டகக் கடையில் வேலை செய்தார். 2021இல் மாண்ட்ரியால் ஒப்பந்தம் தந்தது. 2022 அக்டோபரில் லீகில் இறங்கினார்.

மூன்றாமவர் ஆஸ்திரிய நாட்டு டேவிட் ரைன்பாகர். 2023இல் ஐந்தாவதாக எடுக்கப்பட்டவர். உயரம், அமைதியான ஆட்டம், தேவைப்பட்ட வலக்கைப் பக்கத்து மட்டை என எல்லாம் பொருந்தின. ஆனால் அவருக்கு இரண்டு இடம் தள்ளி எடுக்கப்பட்ட மிச்கோவ் என்னும் முன்வரிசை வீரரையே ரசிகர் பலர் விரும்பியிருந்தனர். அவரோ 2024-25இல் பிலடெல்பியாவுக்காக 26 கோல்கள் அடித்தார். அதே பருவத்தின் வாயிலில் ரைன்பாகரின் முழங்கால் அடிபட்டு, அறுவை நடந்து, மாதக்கணக்கில் களத்துக்கு வெளியே இருந்தார். பிறகு லவால் நகரிலுள்ள துணை அணியில் மெல்ல ஆடத் தொடங்கினார்.

“தாத்தா, ரைன்பாகரை எடுத்தது தப்பான தேர்வுதானே?” என்று பேரன் கேட்டான். அவருக்கு அப்போது இருபது வயது. லிட்ஸ்ட்ரோம் எந்த வயதில் லீகின் முதல் ஆட்டத்தை ஆடினார் என்று பார்த்துச் சொல்லும்படி அவனிடம் கூறினேன். தேடிப் பார்த்தான். இருபத்தொன்று.