வான்கோ எடுத்த நகல்கள்

ஓவியத்தில் தனிநடை என்பது, கையொப்பத்தைப் பார்க்காமலேயே ஒரு படத்தை இன்னார் தீட்டியது என்று அடையாளம் காண வைக்கும் இயல்புகளின் தொகுப்பாகும். கோட்டின் போக்கு, தூரிகைத் தீற்றலின் அளவும் திசையும், நிறத்தேர்வு, காட்சியைச் சட்டத்துக்குள் வெட்டி அமைக்கும் முறை ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். பிறருடைய படைப்புகளில் அதிகம் தோய்ந்தால் இந்த இயல்புகள் கெட்டுவிடும் என்ற அச்சம் கலை பயில்வோரிடையே பரவலாக உண்டு. டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோவின் வாழ்க்கை இந்த அச்சத்துக்கு இடம் கொடுப்பதில்லை. 1853இல் பிறந்து 1890இல் இறந்த அவருடைய நடை இன்று ஓவியம் அறியாதவர்களும் கண்டவுடன் சொல்லக்கூடியது. ஆயினும் ஓவியராக உழைத்த ஏறத்தாழ பத்து ஆண்டுகளின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அவர் பிறர் படங்களைப் பார்த்து வரைந்துகொண்டே இருந்தார்.

ஓவியராவது என்று 1880இல் முடிவு செய்தபோது அவருக்கு வயது 27. அப்போது அவர் இருந்தது பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான போரினாழில். சார்ல் பார்க் என்பவர் தொகுத்த வரைகலைப் பயிற்சிப் படங்களையும், உழவர் வாழ்வைத் தீட்டிப் புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் ழான் பிரான்சுவா மிலேயின் படங்களிலிருந்து எடுத்த அச்சுகளையும் முன்னால் வைத்துக்கொண்டு அவர் கைபழகினார். சில மாதங்கள் அவருக்கு வண்ணம் கற்பித்தவர் தி ஹேக் நகரத்து ஓவியரும் உறவினருமான அன்டன் மாவ். ஆனால் சுண்ணச் சிலைகளைப் பார்த்து வரைய வேண்டும் என்ற மாவின் கட்டளையை ஏற்க மறுத்தது முதல் இருவருக்கும் இடையே விரிசல் வளர்ந்தது. பின்னர் ஆன்ட்வெர்ப் கலைக்கழகத்தில் சேர்ந்தபோதும் ஆசிரியர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. பிறரிடமிருந்து கற்பதை வெறுத்தவர் என்று இதனால் அவரைக் கருதிவிட முடியாது. யாரைப் பார்த்து வரைவது என்பதைத் தாமே தேர்ந்துகொண்டபோதெல்லாம் அவரைவிடப் பணிவான மாணவர் இருந்ததில்லை.

1886இன் தொடக்கத்தில் பாரிஸில் தம்பி தியோவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவருடைய வண்ணங்கள் இன்னும் நிலக்கரியும் மண்ணும் கலந்தாற்போல் இருண்டே இருந்தன. முந்தைய ஆண்டு தீட்டிய ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ அதற்குச் சான்று. பாரிஸிலோ, தூய நிறங்களைச் சிறு புள்ளிகளாக அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவரின் கண்ணிலேயே அவற்றைக் கலக்கவிடும் புள்ளியோவிய முறையை ழோர்ழ் சூராவும் பால் சின்யாக்கும் வளர்த்துக்கொண்டிருந்தனர். 1887 வசந்தத்தில் சின்யாக்கோடு சேர்ந்து புறநகர் ஆற்றங்கரைகளில் படம் தீட்டிய வான்கோ அந்த முறையை எடுத்துக்கொண்டார் என்றாலும், அளந்து வைத்த புள்ளிகள் கோரும் பொறுமை அவருக்கு வாய்க்கவில்லை. அவருடைய கையில் புள்ளி நீண்டு கோடாயிற்று. கோட்டுக்குத் திசை வந்தது. வயலில் கிடையாகவும் மரத்தில் மேல்நோக்கியும் முகத்தில் எலும்பின் வளைவை ஒட்டியும் அது ஓடத் தொடங்கியது. ஒரு முறையை முழுமையாகக் கடைப்பிடிக்க இயலாமற்போனதே அதிலிருந்து வேறொன்று பிறக்க வழி செய்தது.

இதே காலத்தில் அவரை இன்னும் ஆழமாகப் பற்றிக்கொண்டவை ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகள். ஓவியர் வரைந்த கோட்டுப்படத்தைச் செதுக்குநர் மரப்பலகையில் வெட்ட, அச்சிடுபவர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை வைத்துத் தாளில் பதிப்பது இக்கலையின் முறை. நிழல் காட்டாத தட்டையான நிறப்பரப்புகளும், பொருள்களைச் சட்டத்தின் விளிம்பில் துணிந்து வெட்டிவிடும் அமைப்பும் இதன் அடையாளங்கள். பாரிஸில் இவை மலிவாகக் கிடைத்தன; அண்ணனும் தம்பியும் சேர்த்தவற்றில் 500க்கும் மேற்பட்டவை இன்று ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகத்தில் உள்ளன. 1887இல் அவர் மூன்று ஜப்பானியப் படங்களை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தார்: ஹிரோஷிகேயின் ‘எதோ நகரின் நூறு புகழ்மிகு காட்சிகள்’ என்ற வரிசையிலிருந்து பூத்த பிளம் மரமும் மழையில் நனையும் பாலமும், எய்செனின் கணிகை உருவமும். கட்டம் போட்டு அளவெடுத்து, பெரிதாக்கிக் கித்தானுக்கு மாற்றிய நகல்கள் இவை. மேலோட்டமான தழுவல்கள் அல்ல.

இவ்வளவு கவனமாக எடுத்த நகலிலும் மூலத்துக்கும் படத்துக்கும் இடையே வேறுபாடு புகுந்துவிடுவதைப் பாலத்துப் படத்தில் தெளிவாகக் காணலாம். ஹிரோஷிகேயின் அச்சில் ஆறு ஒரே சீராக அடர்ந்து வெளிறும் நிறப்பரப்பு. மழையோ மயிரிழை போன்ற நேர்க்கோடுகள், அந்த நுண்மையில் பாதி பெயர் அறியாத செதுக்குநரின் உளிக்கு உரியது. பிசுபிசுப்பான எண்ணெய் வண்ணத்தாலும் பன்றிமயிர்த் தூரிகையாலும் இவ்விரண்டையும் அப்படியே செய்ய முடியாது. ஆகவே ஆறு தனித்தனித் தீற்றல்களாகி அசையத் தொடங்கியது. நிறங்கள் மூலத்தைவிட உரத்தன. விகிதம் பொருந்தாமல் எஞ்சிய ஓரங்களை நிரப்ப, வேறு அச்சுகளிலிருந்து பார்த்தெழுதிய ஜப்பானிய எழுத்துகளால் ஒரு கரை வந்து சேர்ந்தது. மூலம் கைக்கு எட்டாமல் நின்ற இடங்களில்தான் வான்கோவின் கை வெளிப்பட்டது என்று இதிலிருந்து ஊகிப்பது தவறாகாது.

1888 பிப்ரவரியில் தென்பிரான்சின் ஆர்ல் நகருக்குச் சென்றதும் இக்கல்வி ஓவியத்தைவிடக் கோட்டுப்படங்களில் முதலில் பலித்தது. அங்கே வளரும் நாணலைச் சீவிப் பேனாவாக்கி அவர் வரைந்தார். நாணல் பேனா மை குறைவாகத் தாங்குவதால் நீண்ட கோடு இழுக்க வராது. குட்டைக் கோடு, கொக்கி, புள்ளி என்று விட்டுவிட்டே எழுத வேண்டும். ஜப்பானியர்களின் சிக்கனமான கோட்டை எட்டுவதற்காக எடுத்த கருவி, அதன் குறைபாட்டினாலேயே புல்லுக்கு ஒரு குறி, வானுக்கு ஒரு குறி என்ற தனி எழுத்துமுறையை அவருக்குக் கொடுத்தது. பின்னர் தூரிகையும் அதையே பின்பற்றியது.

அந்த ஆண்டு அவர் மீண்டும் மீண்டும் தொட்ட பொருள், மிலே 1850இல் தீட்டிய ‘விதைப்பவன்’. மிலேயின் படம் பெரும்பாலும் சாம்பல் சாயல் கொண்டது என்பதால், அதே உருவத்தை நிறத்தின் வலிமையால் தீட்ட முடியுமா என்ற கேள்வியைத் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் வான்கோ எழுப்பினார். விடை அவருக்கு மற்றொரு முன்னோடியான யூழேன் தெலக்ருவாவிடம் கிடைத்தது: அருகருகே வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் எதிர்நிறங்களான மஞ்சளையும் ஊதாவையும் மோதவிட்டு, ஊதா நிலத்தையும் மஞ்சள் வானத்தையும் ஜூன் மாதத்தில் தீட்டினார். இன்னும் நிறைவு வரவில்லை. நவம்பரில் அதே விதைப்பவன் திரும்பி வந்தபோது, அவன் தலைக்குப் பின்னால் பெரும் சூரியன் ஒளிவட்டம்போல் நின்றது. முன்புறத்தில் ஒரு மரத்தின் அடிமரம் குறுக்காகச் சாய்ந்து படத்தையே வெட்டிச் சென்றது. அந்த மரம் அவர் முந்தைய ஆண்டு நகலெடுத்த ஹிரோஷிகேயின் பிளம் மரத்தின் வழித்தோன்றல், உருவம் மிலேயுடையது, நிறக்கொள்கை தெலக்ருவாவுடையது, பரந்த, தட்டையான நிறப்பரப்புகளில் அப்போது ஆர்லில் உடன் தங்கியிருந்த ஓவியர் பால் கோகனின் சாயல் தெரிகிறது. ஒவ்வொரு கூறுக்கும் உரியவரைச் சுட்டிவிட முடிந்தாலும் படத்தை வான்கோவைத் தவிர வேறு எவருக்கும் உரியதென்று சொல்ல முடியாது, ஏனெனில் ஒன்றோடொன்று சேரவே முடியாத இந்நால்வரையும் ஒரே கித்தானில் சேர்த்தவர் அவர் ஒருவரே.

எல்லாத் தாக்கங்களும் ஒட்டிக்கொள்ளவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. பொருளைக் கண்முன் வைக்காமல் நினைவிலிருந்து தீட்ட வேண்டும் என்று கோகன் வற்புறுத்தியதால் வான்கோ சில படங்களை அவ்வாறு முயன்றார். ஆனால் எதிரே ஏதேனும் ஒன்று இல்லாமல் அவருடைய கை ஓடவில்லை.

இந்தத் தேவைதான் சான்-ரெமி மனநோய் விடுதியில் 1889 மே முதல் ஓராண்டு தங்கியிருந்தபோது அவரை மறுபடி நகல்களிடம் அழைத்துச் சென்றது. நோய் காரணமாக வெளியே செல்ல முடியாத நாட்களில் மாதிரிக்கு உருவங்கள் கிடைக்காததால், தியோ அனுப்பிய கறுப்பு வெள்ளை அச்சுகளை வைத்து மிலேயின் படங்களில் மட்டும் ஏறத்தாழ 20ஐயும், தெலக்ருவா, ரெம்பிராண்ட், தோரே முதலியோரின் படங்கள் சிலவற்றையும் அவர் தீட்டினார். அச்சில் நிறமே இல்லை. நிறம் முழுவதும் நகலெடுப்பவரின் பொறுப்பு. வைக்கோற்போர் நிழலில் உறங்கும் உழவர் இணையைக் காட்டும் ‘நண்பகல் ஓய்வு’ நீலத்துக்கும் ஆரஞ்சு கலந்த மஞ்சளுக்கும் இடையே நிகழும் வாதமாக மாறியது இவ்வாறுதான். இசையமைத்தவர் ஒருவர், வாசிப்பவர் வேறொருவர் என்பதை இசையில் எவரும் குறையாகக் கருதுவதில்லையே என்று வான்கோ தியோவுக்கு எழுதி இப்பணிக்கு நியாயம் கூறினார். தியாகராஜரின் கீர்த்தனையை ஒரே மேடையில் இருவர் இருவிதமாக நிரவல் செய்யக் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு இந்த வாதம் விளக்கமே வேண்டாதது. ஓவியத்தில் மட்டும் இதற்கு இவ்வளவு தயக்கம் ஏன் என்பதே வியப்பு.

1890 மே மாதத் தொடக்கத்தில் எழுதிய கடிதத்தில் தியோ, மிலேயை ஒட்டிய இப்படங்களே அண்ணன் அதுவரை செய்தவற்றுள் சிறந்தவையாக இருக்கலாம் என்று கருத்துத் தெரிவித்தார். வான்கோவின் ‘விண்மீன் இரவு’ தீட்டப்பட்டு ஓராண்டுகூட ஆகாத நிலையில் இது மிகையான மதிப்பீடாகவே படலாம். அதில் தம்பியின் பாசத்துக்கும் பங்கு இருந்திருக்கும். எனினும் தியோ தொழிலால் ஓவிய வணிகர்; மிலேயின் படங்கள் பாரிஸில் என்ன மதிப்புப் பெற்றிருந்தன என்பதையும், அவற்றைப் போலச் செய்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் நன்கு அறிந்தவர்.