முத்துக்குளித்துறையின் பருவகால வழக்கங்கள்

முத்துக்குளித்துறை என்பது மன்னார் வளைகுடாவை ஒட்டிய வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகிய கடற்கரை ஊர்களைக் குறிக்கும் பெயராகும். இங்கு வாழும் பரதவர்களின் தொழிலும் சடங்குகளும் காற்றின் போக்கை ஒட்டியே அமைந்தன.

காற்றும் தொழிலும்

வடக்கிலிருந்து வீசும் வாடை ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வலுப்பதற்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். முத்துக்குளிப்பு அப்போதுதான் நடைபெற்றது. சிப்பிகள் படிந்திருக்கும் கடலடிப் பாறைத் திட்டுகள் 'பார்' எனப்படும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் ஊன்றி இறங்குவார். படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சைகை கிடைத்ததும் அவரை மேலே இழுப்பார். கூலி பணமாக அன்றிச் சிப்பிகளின் ஒரு பங்காகவே தரப்பட்டது. எனவே உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவருக்கும் தன் பங்கில் முத்து இருக்கிறதா என்பது சிப்பியைத் திறக்கும் வரை தெரியாது.

கடல்கட்டி

சுறாமீன்களின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுபவர் 'கடல்கட்டி' எனப்பட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மந்திரம் ஓதுவோருக்கு இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். மந்திரக்கட்டு இரவில் அவிழ்க்கப்படும் என்றும் அவர் கூறுகிறார். இதனால் இரவில் திருட்டுத்தனமாகக் குளிக்க எவரும் துணியவில்லை. அச்சத்தைப் போக்கிய சடங்கே பாருக்குக் காவலாகவும் இருந்தது.

பனிமய மாதா திருவிழா

1530களில் பரதவர்கள் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். பனியே காணாத தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா ஆண்டுதோறும் ஜூலை 26 அன்று கொடியேற்றத்துடன் தொடங்கி ஆகஸ்ட் 5 அன்று நிறைவடைகிறது. உரோமை நகரில் கோடைக்காலத்தில் பனி பெய்ததாகக் கூறும் மரபுக்கதையிலிருந்து இப்பெயர் வந்தது. சில சிறப்பு ஆண்டுகளில் மட்டும் பொன் தேர் பவனி நடைபெறும்.

சப்பானுடன் தொடர்பு

1542 இல் இக்கரைக்கு வந்து பணியாற்றிய பிரான்சிசு சவேரியார், 1549 இல் சப்பானின் ககோசிமாவில் இறங்கினார். சப்பானிலும் மூச்சடக்கிக் கடலில் மூழ்கும் மரபு உண்டு. அங்கு 'அமா' எனப்படும் பெண்களே மூழ்குகின்றனர். தீங்கு அணுகாதிருக்க அவர்கள் தலைத்துணியில் நட்சத்திரக் குறியையும் கட்டக் குறியையும் தைத்துக்கொள்வர்.

சப்பானியரான மிகிமோட்டோ 1893 இல் சிப்பியில் அரைக்கோள முத்தை வளர்த்துக் காட்டினார். பின்னர் உருண்டை முத்துகளும் வளர்க்கப்பட்டு உலகச் சந்தைக்கு வந்தன. இயற்கை முத்தின் மதிப்புச் சரிந்தது. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசித் தொடர் முத்துக்குளிப்பாகும். 1973 இல் இங்குள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் வளர்ப்பு முத்தை உருவாக்கினர்.

இன்றைய நிலை

சங்கு குளித்தல் இன்றும் தொடர்கிறது. ஆனால் முத்துப் பருவமும் கடல்கட்டியும் மறைந்துவிட்டனர். ஒரு தொழில் நின்றால் அதைச் சுற்றிய சடங்குகளும் நின்றுபோகும். ஊரே சேர்ந்து எடுக்கும் விழாவோ தொழில் மாறினாலும் நிலைக்கும் என்பதை இக்கரை காட்டுகிறது.