நாவும் பழக்கமும்

நாவின் விருப்பம் பெரும்பாலும் பழக்கத்தால் அமைவது. இளமையில் உண்டு பழகியதையே நாம் முதுமையிலும் நாடுகிறோம். சென்னை மக்கள் வெள்ளரிசிச் சோற்றை விரும்புவதும் இத்தகையதே. முன்னாளில் வீடுகளில் உரலில் குற்றிய அரிசியே பெரிதும் வழங்கியது. அரிசி ஆலைகள் பெருகிய பின்னர், நன்கு தீட்டிய வெள்ளரிசி வழக்கிற்கு வந்தது. தீட்டுங்கால் தவிடும் முளையும் நீங்குகின்றன; அவற்றோடு நார்ப்பொருளும் ‘பி’ உயிர்ச்சத்தும் குறைகின்றன.

கோபாலபுரத்தில் அமைந்த சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தார், இந்நகர மக்களின் உணவை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தீட்டிய தானியங்களை மிகுதியாக உண்போரிடையே நீரிழிவு நோய் மிகுந்திருத்தல் அதனால் புலனாயிற்று.

ஆயின், நெடுநாட் பழக்கத்தை ஒரே நாளில் விலக்குதல் அரிது. அவ்வாறு விலக்க முயல்வோர் பலர் விரைவில் சலிப்புற்றுப் பழைய வழிக்கே மீள்வர். ஆதலின் படிப்படியாக மாற்றுதலே நன்று. முதலில் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அவ்விடத்தைக் கீரையாலும் காயாலும் பருப்பாலும் நிரப்புக. பின்னர்ச் சில நாள்களில் தவிடு நீக்காத அரிசியைச் சமைத்து, அளவோடு உண்க. வீட்டார் அனைவரும் ஒருங்கே உண்பின் மாற்றம் எளிதாகும். வெள்ளரிசியும் ஒருகாலத்தில் புதியதாய் வந்து பழகியதே. அதனைப் பழகிய நா, நல்லுணவையும் பழகும்.