உப்புக் காற்றில் ஒரு சின்னக் கார்

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ குடித்தனம் செய்யும் பெண்மணிகளுக்கு உப்புக் காற்றின் குணத்தை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, துணி உலர்த்தும் கொடி, பீரோவின் கால் எல்லாம் அதன் கதையைச் சொல்லும். வீட்டு வாசலில் நிற்கிற காருக்கு மட்டும் அந்தக் காற்று சலுகை காட்டிவிடும் என்று நம் வீட்டு ஆண்பிள்ளைகள் எப்படித்தான் நம்புகிறார்களோ! காருக்குப் புதுப் பாட்டுப் பெட்டி வாங்கப் பணம் இருக்கும்; காரின் அடிவயிற்றைக் குனிந்து பார்க்க நேரம் இருக்காது.

எண்ணூருக்கும் சின்னக் காருக்கும் பழைய உறவு உண்டு. 1948-ல் ரகுநந்தன் சரண் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் கம்பெனி, இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்களை எண்ணூரில்தான் பூட்டி இறக்கியது. 1955-ல் அந்தக் கம்பெனி அசோக் லேலண்ட் ஆகி, லாரியும் பஸ்ஸும் செய்து பெயர் வாங்கியது வேறு கதை. ஆஸ்டினுக்கு 1,200 சி.சி. எஞ்சின், நீளம் நாலு மீட்டருக்குள் அடக்கம். ‘சின்ன பெட்ரோல் கார்’ என்று வரி போடுவதற்கு இன்றைக்குச் சர்க்கார் வைத்திருக்கும் வரம்பும் அதே 1,200 சி.சி.யும் நாலு மீட்டரும்தான்!

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஆஸ்டினுக்குக் கனத்த இரும்புச் சட்டம் தனி, மேலே உட்கார்ந்த கூடு தனி. இன்றைய சின்னக் காரில் கூடேதான் சட்டம், தகடே எலும்பு. ஆகவே அடித்தட்டில் துரு ஏறினால் அது அழகு கெட்ட சமாசாரம் அல்ல. மோதல் நேர்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்க வேண்டிய பலமே குறைகிறது.

கழுவுவதில்தான் இந்தப் பேட்டையில் சூட்சுமம் இருக்கிறது. கடலோரத்தில் பல வீட்டுப் போர்த் தண்ணீர் கரிக்கும். அதனால் காரைக் கழுவுவது, உப்பைத் துடைத்துவிட்டு மறுபடி உப்பைப் பூசுவது போல. போர்த் தண்ணீரில் அழுக்கைப் போக்கினாலும், கடைசியாக ஒரு வாளி மெட்ரோ தண்ணீரை மேலேயும் சக்கர வளைவுகளுக்குள்ளும் ஊற்றிவிடுங்கள். ‘குடிக்கிற தண்ணீரைக் காருக்கா?’ என்று மாமியார் கேட்டால், அரிசி கழுவுவதற்குமுன் ஒரு வாளி ஒதுக்குவதில் ஒன்றும் குறையாது என்று சாந்தமாகச் சொல்லலாம். அடித்தட்டுக்கு மாதம் ஒரு தரம் சர்வீஸ் நிலையத்தில் தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள். நிலக்கரித் தூசியும் சாம்பலும் படிந்திருக்கும்போது உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கவே கூடாது. பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்த மாதிரி பெயிண்டில் கீறல் விழும்.

கதவுகளின் அடி விளிம்பில் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கின்றன. மழைத் தண்ணீர் உள்ளே தங்காமல் வடிவதற்கு அவை. புழுதி அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே இற்றுப்போகும். வெளியே பெயிண்ட் கொப்புளித்த பிறகுதான் தெரியும். இதற்கு மெக்கானிக் வேண்டாம், விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சி போதும். கால் மிதியடியைத் தூக்கி, கம்பளத்தையும் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். பாட்டரி முனையில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், எஞ்சினை நிறுத்தி, மெக்கானிக்கைக் கொண்டு முனைகளைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் துடைத்து, உலர்ந்த பின் வாஸ்லின் தடவச் சொல்லுங்கள். ஏ.சி. காற்றை வடிகட்டும் தாள் பெரும்பாலான கார்களில் முன் இருக்கைக்கு எதிரே உள்ள சின்ன அலமாரிக்குப் பின்னால் இருக்கும். எண்ணூர்ப் பக்கம் தினம் போய்வரும் காரில் அதை எடுத்துப் பார்த்தால் கறுத்துப் போயிருக்கும். குழந்தைகள் சுவாசிப்பது அதன் வழியாக வரும் காற்றைத்தான்.

இனி அலங்காரத்துக்கு வருவோம். புது சீட் உறை தைக்கப் போகிறீர்களா? முதலில் சீட்டின் பக்கவாட்டில் ‘ஏர்பாக்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதற்கென்று பிரியும் தையல் வைத்த உறையே வேண்டும். இறுகத் தைத்த சாதாரண உறை, ஆபத்து வேளையில் பை விரிவதைத் தடுத்துவிடும். முன்னால் மாட்டுகிற கனத்த இரும்புத் தடுப்புகளை 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் தடை செய்துவிட்டது. மோதலின் வேகத்தை அது திசைமாற்றி, ஏர்பாக் விரியும் வேளையைக் குழப்பிவிடும். வழியில் நடப்பவருக்கும் அதனால் ஆபத்து.

பணம் போட வேண்டிய இடம் காரின் பின்புறம். 2019 ஜூலைக்குப் பின் வந்த கார்களில் பின்னே நகரும்போது ஓசையிட்டு எச்சரிக்கும் கருவி சட்டப்படியே உண்டு. அதற்கு முந்திய காராயிருந்தால் ஒன்று பொருத்திக்கொள்ளுங்கள். கூடவே ஒரு காமிராவும் இருந்தால் நல்லது. காசிமேட்டுச் சந்துகளில் காருக்குப் பின்னாலேயே குழந்தைகள் கோலி ஆடுவார்கள். அந்த உயரத்துக்குக் கண்ணாடியில் பார்வை போகாது. வயரை வெட்டி ஒட்டும் கடைக்காரரிடம் மட்டும் போக வேண்டாம். கம்பெனியின் உத்தரவாதமும் போகும், தீ விபத்துக்கும் இடமாகும்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் வந்தது பலருக்கு நினைவிருக்கும். தண்ணீரில் நின்ற காரை, வடிந்ததும் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று ஸ்டார்ட் செய்வதுதான் பெரிய விபரீதம். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், காற்றை அமுக்குவது போல அதை அமுக்க முடியாது. உள்ளே இருக்கும் கம்பி வளைந்துபோகும். அப்படிக் கெட்ட எஞ்சினுக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பொதுவாக நஷ்டஈடு தருவதில்லை. ‘எஞ்சின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் பிரிவைத் தனியே எடுத்திருக்க வேண்டும். பாலிசி புதுப்பிக்கிற நாளில் பீரோவிலிருந்து காகிதத்தை எடுத்து, அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.