லைசென்ஸ் வேண்டாம் என்றால் சாலையில் ஓட்டலாமா?

"லைசென்ஸ் வேண்டாம், சாலை வரி வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம்." நின்றுகொண்டு ஓட்டும் மின் ஸ்கூட்டரை வாங்கும்போது காதில் விழும் பேச்சு இது. மூன்றும் உண்மைதான். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: அதைச் சாலையில் ஓட்ட அனுமதியே இல்லை.

சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் 2021 டிசம்பரில் அரசிதழில் வந்த விதி இத்தகைய சிறு வாகனங்களைச் சாலையில் பயன்படுத்தத் தடை விதித்தது. 2022 ஏப்ரலில் அன்றைய போக்குவரத்து அமைச்சர் டத்தோஸ்ரீ வீ கா சியோங் விளக்கிய பிறகுதான் பலருக்கும் இது தெரிய வந்தது. தடை ஓட்டுவதற்கு, விற்பதற்கு அல்ல. குழப்பத்திற்குக் காரணமே இதுதான்.

சரி, எது சாலை? நெடுஞ்சாலை மட்டும்தான் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். பொதுமக்கள் சென்றுவரும் எந்தச் சாலையும் சட்டத்தின் பார்வையில் சாலையே. தாமான் வீடுகளுக்கு முன்னால் போகும் சாலையும் அதில் சேரும். படகுத்துறை வசதிகளும் சேரும். பள்ளி விடுமுறையில் பங்கோர் படகுக்காகக் கார்களும் பேருந்துகளும் நெருக்கியடிக்கும் லூமுட்டில், படகுத்துறைப் பக்கம் பிள்ளையை ஸ்கூட்டரில் ஒரு சுற்று விடும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

மிதிகட்டை உள்ள மின் சைக்கிள் வேறு வகை. அதன் மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மேல் போகக் கூடாது. மின் மோட்டார் சைக்கிள் என்றால் மற்ற மோட்டார் சைக்கிள் போலத்தான்: ஜேபிஜே பதிவு, எண் பலகை, காப்புறுதி, லைசென்ஸ், தலைக்கவசம். 16 வயதுக்குக் குறைந்தவருக்கு இடமே இல்லை.

ஸ்கூட்டரின் ஆபத்து அதன் சக்கரத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் ஏறி இறங்கிவிடும் குழியில் இந்தச் சின்னச் சக்கரம் சிக்கி நின்றுவிடும். ஓட்டுபவர் நின்றபடி வருவதால் தலை முன்னோக்கி விழுவார். மணிக்கு 25 கிலோமீட்டர் குறைவாகத் தோன்றலாம். ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் அது. சத்தமும் இல்லாததால் காரைப் பின்னால் எடுப்பவருக்கு வருவதே தெரியாது. பதிவில்லாத வாகனத்திற்கு மோட்டார் காப்புறுதியும் கிடையாது. மோதியவர், மோதப்பட்டவர் இருவருமே மருத்துவச் செலவுக்குத் தடுமாற வேண்டியதுதான்.

பேட்டரியை இரவெல்லாம் சார்ஜில் விட்டுத் தூங்குவதும், வாசல் கதவை ஒட்டி வைப்பதும் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும். நியூயார்க் நகரில் 2023-இல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் மாண்டனர்.

ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. நடக்க முடியாத முதியோரும் உடற்குறையுள்ளோரும் ஓட்டும் மின் நாற்காலி வண்டியும் இதே தடைக்குள் வருகிறது. விளையாட்டுக்கு ஓட்டும் இளைஞனும் மருந்து வாங்கப் போகும் தாத்தாவும் ஒன்றா? நடைபாதை பாதியில் முடிந்துபோகும் இடத்தில் அந்தத் தாத்தா எந்த வழியாகக் கிளினிக்கிற்குப் போவார் என்பதை நகராண்மைக் கழகங்கள்தான் சொல்ல வேண்டும்.