வாய் திறக்காத அட்டை!

புது லேப்டாப். வீட்டில் வை-பை இருக்கிறது. பக்கத்து அறை கம்ப்யூட்டரில் இன்டர்நெட் ஓடுகிறது. ஆனால் லினக்ஸ் போட்ட இந்த லேப்டாப்பில் மட்டும் ஒன்றும் வரவில்லை!

2005-ம் ஆண்டு வாக்கில் உலகில் பல வீடுகளில் இந்தக் கூத்து நடந்தது.

லினக்ஸ் என்பது விண்டோசைப் போல, கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள். காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். 1991-ம் ஆண்டு பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் இதைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21.

துபாஷி இல்லை

லேப்டாப்புக்குள் இருக்கும் நெட்வொர்க் அட்டைதான் வை-பை அலையைப் பிடிக்கிறது. அதற்குக் கட்டளையிட 'டிரைவர்' வேண்டும். கார் ஓட்டும் டிரைவர் அல்ல! அட்டைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நிற்கும் துபாஷி. அதுவும் ஒரு மென்பொருள்தான்.

அமெரிக்காவின் பிராட்காம் கம்பெனி செய்த அட்டைகள் ஏராளமான லேப்டாப்புகளில் இருந்தன. விண்டோசுக்கு டிரைவர் கிடைத்தது. லினக்ஸ் லேப்டாப்புக்கு அப்போது கிடைக்கவில்லை. அட்டைக்கு என்ன பாஷை புரியும் என்ற விவரமும் வெளிவரவில்லை.

சிலர் விண்டோஸ் டிரைவரையே லினக்சுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. ஆனாலும் இரவல் துபாஷி இரவல்தானே?

நடுவே ஒரு சுவர்

தொண்டர்கள் சிலர் துணிந்து இறங்கினார்கள். இரண்டு கோஷ்டியாகப் பிரிந்தார்கள். ஒரு கோஷ்டி, கம்பெனியின் டிரைவரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தது. எந்த எண்ணை எங்கே அனுப்பினால் அட்டை என்ன செய்கிறது என்று குறித்து வைத்தது. டிரைவர் மட்டும் எழுதவில்லை!

மற்ற கோஷ்டி கம்பெனியின் சரக்கைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. குறிப்புகளை மட்டும் படித்துப் புது டிரைவரை எழுதியது. ஏன் இந்தச் சுவர்? 'பார்த்துக் காப்பி அடித்தார்கள்' என்று நாளைக்கு வழக்கு வரக்கூடாது அல்லவா! பலே யோசனைதான்.

2006 ஜூனில் வெளிவந்த லினக்ஸ் 2.6.17-ல் அந்த டிரைவர் இடம் பெற்றது.

இன்னொரு முடிச்சு

அட்டைக்குள் ஒரு குட்டி மூளை இருக்கிறது. கரண்டை நிறுத்தினால் எல்லாம் மறந்து போகும். ஒவ்வொரு தடவையும் பாடம் ஏற்ற வேண்டும். 'பர்ம்வேர்' என்னும் அந்தப் பாடம் கம்பெனியின் சொத்து. தொண்டர்கள் அதை வழங்க முடியாது. ஆகவே, கம்பெனியின் டிரைவரிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்க ஒரு கருவி செய்து கொடுத்தார்கள்.

வெட்டுவதற்கு அந்த டிரைவரை இறக்க வேண்டும். இறக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் வர பர்ம்வேர் வேண்டும்! கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை! கேபிளைச் செருகியோ, வேறு கம்ப்யூட்டரில் இறக்கியோதான் சமாளித்தார்கள்.

2010 செப்டம்பரில் பிராட்காம் கம்பெனியே புது அட்டைகள் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவரைத் திறந்து கொடுத்தது. பழைய அட்டைகளுக்கு அல்ல. அவற்றுக்குத் தொண்டர்களின் டிரைவர் இருக்கிறது.

வீட்டில் பழைய லேப்டாப் தூங்குகிறதா? லினக்சில் 'எல்.எஸ்.பி.சி.ஐ.' என்ற ஐந்தெழுத்துக் கட்டளை கொடுத்தால், உள்ளே எந்த அட்டை என்று தெரியும். அதற்கு முன்னால் லேப்டாப்பின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். சிலவற்றில் வை-பைக்குத் தனி சுவிட்ச் உண்டு. இரவெல்லாம் கட்டளை மேல் கட்டளையாகப் போட்டுவிட்டு, விடியற்காலையில் அந்த சுவிட்சைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு!